மடுல்சீமையில் நீல மேக்பை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்காவுக்கு முதல் தெவசம். இங்கிலாந்தின் வடக்கே நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஐயர் கிடையாது. ஆகவே நானே ஐயர், என் மனைவியே சமையல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையே ஆற்றங்கரை. ஈரத் தலையோடு, கம்பளிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு ஒன்றையும் மாட்டிக்கொண்டு போய், சோறும் பருப்பும், வாழைக்காய் கிடைக்காத குறைக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் போட்ட தட்டை மதில்மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா திரையை விலக்கிப் பார்த்தார். அவரையும் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையை அசைத்தார்.

முதலில் வந்தது சாம்பல் பிடரியும் வெள்ளைக் கண்ணும் உள்ள ஒன்று. ஜாக்டோ. அதைத் துரத்திக்கொண்டு அலகு வெளுத்த ஒன்று வந்தது. ரூக். இலங்கையில், எங்கள் பதுளைப் பக்கத்தில், காக்கை என்றால் காக்கைதான்; பார்த்தோம், சோற்றை வைத்தோம், வந்தோம். இங்கே கறுப்பாகப் பறப்பதில் இத்தனை சாதி. என் அக்கா இதில் எந்தச் சாதியாக வருவாள்? சாத்திரத்திலும் இல்லை, என்னிடமுள்ள பறவைப் புத்தகத்திலும் இல்லை. ஒருவேளை ஆள் மாறி வந்து சாப்பிட்டுவிட்டால் அக்கா பட்டினியல்லவா என்று ஒரு பதற்றம் வந்து, பெரிய மனிதன் நான், செருப்போடு புல்தரையில் ஓடி ஜாக்டோவை விரட்டினேன்.

என் மகள் கையில் பாலும் கார்ன்பிளேக்ஸுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். "அப்பா, அது ரூக். நீங்கள் தேடுவது காக்கை என்றால், அது இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு, யாருக்காக இந்தச் சோறு என்று கேட்டாள். உன் அத்தைக்கு என்றேன்.

"எந்த அத்தை?"

அடுத்த வாரம் நகரசபையிலிருந்து ஓர் ஆள் வந்தார். வெளியே சோறு வைத்தால் எலி வரும் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்களாம். மிகவும் மரியாதையானவர். எத்தனை நாளுக்கு ஒரு முறை வைப்பீர்கள் என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு முறை என்றேன். அப்படி எழுத அவருடைய படிவத்தில் இடம் இருக்கவில்லை. 'எப்போதாவது' என்று எழுதிக்கொண்டு போனார்.

நகரசபைக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டேன். மகள் கேட்டதற்கு இன்னும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினால் லயம் என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன என்று விளக்கி முடிவதற்குள் அவள் மாடிக்குப் போய்விடுவாள். அதனால் முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

2

நான் பறவை பார்க்கிறவனாக ஆனதே ஒரு விபத்து. அறுபதுகளின் நடுவில் தாதித் தொழில் படிக்க என்று வந்து, ஒரு மனநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கடிதம் கொண்டுவருகிற தபால்காரர் ஜெரால்ட். நெடிய மனிதர், தாடை கத்தியால் செதுக்கினது போல இருக்கும். ஊர்ப் பறவைச் சங்கத்தின் தலைவர் அவர்தான். சனிக்கிழமை காலை ஒரு இடத்துக்குப் போகிறோம், வருகிறீர்களா என்றார். வெள்ளைக்காரர் ஒருவர் வேலைக்கு வெளியே எங்கேயாவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூங்கா, தேநீர், பிஸ்கட் என்று எண்ணிக்கொண்டு டை கட்டிக்கொண்டு போனேன்.

கூட்டிக்கொண்டு போன இடம் ஊர்க் கழிவுநீர் சேரும் குளங்கள். அங்கேதான் கரைப்பறவைகள் நிறைய வருமாம். டையோடு, மழையில், மரியாதைக்காக மூக்கைக்கூடப் பிடிக்காமல் பாதி நாள் நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "பீக்குளத்தப் பாக்கவா சட்டைய பெட்டி போட்டுத் தரச் சொன்னீங்க?" என்றாள். இன்றுவரை அந்தச் சங்கத்துக்கு அவள் வைத்த பேர் அதுதான்.

அன்று திரும்பும் வழியில், உங்கள் ஊர்ப் பறவைகளைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன் என்று எல்லோரும் ஆவலாகத் திரும்பினார்கள். எனக்கு வியர்த்தது. எனக்குத் தெரிந்தது காகம், மைனா, செம்போத்து, கறிக்கோழி. பதற்றம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காது. காட்டுப்புறாவைப் பற்றித் தொடங்கி, மிளகு கூடப் போட்டுப் பிரட்டினால் எலும்போடு தின்னலாம் என்று முடித்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் குறிப்பேட்டை மூடினார். ஜெரால்ட் மட்டும் முன்னால் பார்த்தபடியே, "அது அடையாளத்துக்கு உதவாது" என்றார்.

ஆனாலும் என்னை விடவில்லை. நானும் அவரை விடவில்லை. மழையில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்க ஆள் கிடைப்பது, ஊரை விட்டு வந்தவனுக்குச் சின்ன விஷயமில்லை. அவர் சட்டம் கடுமையான சட்டம். ஒருவர் மட்டும் கண்ட பறவை கணக்கில்லை. கூட இன்னும் இருவர் கண்டிருக்க வேண்டும். தான் தனியாகக் கண்ட பருந்து ஒன்றையே அவர் கண்டதாக வைத்துக்கொள்ளவில்லை. "ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு ஆசைப்பட்டது தெரியும்" என்பார்.

3

எழுபதுகளின் பிற்பகுதியில் சங்கம் இலங்கைக்குப் போகத் தீர்மானித்தது. மொழிபெயர்ப்பாளன் நான். என் பயணச் செலவு சங்கத்துடையது, பதிலுக்கு இரண்டு கிழமையும், பதினாலு நாளும், அவர்களை விட்டு அசையக் கூடாது. ஏதோ நான்தான் இலங்கைக் காடுகளையெல்லாம் வளர்த்தவன் மாதிரி எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். நான் மருத்துவமனை பஸ்ஸில் போகவர அந்த ஊர்ப் பறவைகளின் பேர்களை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணினேன்.

உண்மையில் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

என் அப்பா கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்து மருந்துச் சாலையில் புண்ணுக்குக் கட்டுக்கட்டுகிறவர். அவர் இலங்கைப் பிரஜையாகப் பதிந்து, நானும் அதிலே சேர்ந்தேன். அக்காவை மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். அத்தானின் அப்பா எப்போதோ, யாரோ நீட்டிய தாளில் இந்தியாவுக்கென்று கைநாட்டு வைத்திருந்தார். தோட்டத்துத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது அந்தக் கைநாட்டு அத்தானைப் பிடித்தது, அத்தான் அக்காவைப் பிடித்தார். ஒரே கூட்டில் பொரித்த எங்கள் இரண்டு பேரையும் இரண்டு இனமாகப் பதிந்துவிட்டார்கள். அக்கா இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சேதி வந்தது. அக்கா குடும்பத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாள் எங்கள் பயணத்தின் கடைசிக் கிழமையில் விழுந்தது. பதுளையிலிருந்து தலைமன்னார் போகும் கோச்சியில் ஏறி, கப்பலில் அக்கரை. சனங்கள் அதை அழுகைக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுது, ஏற்றிவிடுகிறவர்களும் அழுது, வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் அந்தச் சத்தம் நிற்கும்.

பண்டாரவளையில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் ஜெரால்டிடம் ஒரு நாள் விடுமுறை கேட்டேன். என் சகோதரி ஊரை விட்டுப் போகிறாள், ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கே தொடங்குவது? அவர்கள் தேநீரோடு உட்கார்ந்து கூடிப் பேசினார்கள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் ஒரு நாள் முழுக்க நிற்க முடியாது, பாதையை மாற்றவும் முடியாது. எல்லோரும் கைதூக்கித் தீர்மானித்த பாதை. அரிய பறவை ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தால் மட்டும் மாற்றலாம் என்பது சங்கத்தின் விதி.

சகோதரி ஒரு பறவையாக இல்லாமல் போய்விட்டாள்.

4

அவர்கள் ஒரு கிழமைக்கு மேலாகத் தேடியும் காணாத ஒன்று இருந்தது. நீல உடம்பும், செம்பழுப்புத் தலையும், சிவந்த அலகும், நீண்ட வாலும் உள்ள மேக்பை. உலகத்திலேயே இலங்கையில் மட்டுந்தான் உண்டாம். ஹப்புத்தளைக் காட்டில் கழுத்து வலிக்க அண்ணாந்தும் கிடைக்கவில்லை. கொஸ்லந்தவில் என் பழைய பள்ளிக்கூடத்து மேட்டில்கூட நின்று பார்த்தோம். கிடைத்தது காலில் ஏறிய அட்டை மட்டும்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் நான் முட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே, நீல மேக்பை வருகிறதாம். கடைத்தெருவில் ஒருவர் சொன்னார்.

ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எல்லோரும் கைதூக்கினார்கள். அவ்வளவுதான். அக்காவுக்காக அசையாத வண்டி, பொய்க் குருவிக்காகப் புறப்பட்டது.

வேன் ஓட்டியவர் பதுளைக்காரர், நசீர் நானா. மடுல்சீமைத் தோட்டங்களுக்கு அரிசியும் மாவும் ஏற்றி ஓடிப் பழகினவர். பசறை தாண்டி ஏறும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மடுல்சீமையில நான் நீலமாப் பாத்தது சவர்க்காரக் கட்டி மட்டுந்தான், தம்பி. குருவி எங்க இருந்து வந்துச்சு?"

நான் உண்மையைச் சொன்னேன். அவர் வளைவில் தேவைக்கு மேலாக ஹோர்ன் அடித்தார்.

"அக்காவப் பாக்கப் போறவன் இப்பிடி வேர்க்கக் கூடாது. மொகத்தத் தொடச்சுக்க" என்றார்.

வியர்க்காமல் என்ன செய்வது? பின்னால் பைனாக்குலரும் கழுத்துமாக அத்தனை பேர். ரோடு என்கிற பேரில் கல்லும் பள்ளமும். பறவை வராது, வராவிட்டால் என்ன சொல்வேன்? ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, நீலமாக எதையாவது பறக்க விடும்படி கேட்டுக்கொண்டேன். லயத்துக் கொடியில் ஒரு நீலச் சட்டை காய்ந்தால் அதையே தூரத்திலிருந்து காட்டிவிடலாம் என்றுகூட ஒரு திட்டம் வைத்திருந்தேன். காற்று மட்டும் அடிக்க வேண்டும்.

5

வேனால் ஏற முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். கீழே காவலுக்கு நின்ற ஒருவர் எங்களைப் பார்த்தார், வெள்ளைத் தொப்பிகளைப் பார்த்தார், கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார், குறுக்குப் பாதையில் மேலே ஓடினார். கொஞ்ச நேரத்தில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

வரவேற்பு நடனமா என்று ஜெரால்ட் கேட்டார்.

நாங்கள் லயத்து முற்றத்துக்கு ஏறினபோது சனங்கள் வரிசையாக நின்றார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்திருந்தார்கள். விடிகாலையில் தப்பு அடித்ததும் வேலைக்குப் பேர் கூப்பிட நிற்பார்களே, அந்தப் பெரட்டு. நட்ட நடுப் பகலில் நின்றது. முன்னால் வயதான கங்காணி ஒருவர், பெட்டிக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்த மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டோடு நின்றார். கோட்டில் கற்பூர வாடை. கை நெற்றிக்குப் போனது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷங்களாகியிருந்தன. வெள்ளைத் துரைமார் போனதும் வந்தது பஞ்சம். மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் கிடந்தார்கள். துரைமார் இருந்தபோதும் இவர்களை யாரும் தங்கத் தட்டில் வைத்திருக்கவில்லை. ஆனால் பட்டினிக்கு முந்தின காலம் எதுவானாலும் நல்ல காலமாகத் தெரியும். இப்போது வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து, தூரக்கண்ணாடி வைத்து மலையையும் மரத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

கங்காணி என்னிடம், தொரைமாரு தோட்டத்தத் திரும்ப எடுக்க வந்திட்டாங்கன்னு கேள்விப்பட்டோங்க, என்றார். யாரிடம் கேள்விப்பட்டார்? அந்தக் காவல்காரர் ஓடின தூரத்தில் பிறந்த சேதி அது.

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் வரிசையைப் பார்த்தேன். அக்கா கடைசியிலிருந்து மூன்றாவதோ நான்காவதோ. கூடை இல்லை. நாங்கள் பிரிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். அவள் கண் என்னைத் தெரிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் முகம் அசையவில்லை. வரிசையை விட்டு வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளி, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா" என்றாள்.

என் அக்கா என்னை ஐயா என்றாள்.

"ஐயா, தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. தோட்டத்துக் கணக்குல எங்க பேர வெட்டிட்டாங்க. இந்தியாவுக்குப் போகச் சொல்லிட்டாங்க, இந்தக் கெழமை கோச்சி. எங்களுக்கு அங்க யாரும் இல்லீங்க. தொரை மனசு வச்சு எங்க பேரத் திரும்பப் பதியச் சொன்னா, நாங்க இங்கயே கெடந்துக்கிருவோம்."

எல்லாத் தலையும் ஜெரால்ட் பக்கம் திரும்பியது. ஜெரால்ட் என் பக்கம் குனிந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சொன்னேனே, பதற்றத்தில் என் வாய் என்னைக் கேட்காது என்று. அந்தப் பறவை தினமும் காலையில் அதோ அந்த மரத்துக்கு வருகிறதாம் என்று சொன்னது என் வாய்.

அவர் மரத்தைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். சேற்றில் நிற்கும் கரைப்பறவையின் காலைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"பறவையைப் பற்றிச் சொல்கிற முகம் இல்லையே இது" என்றார்.

அப்போது சொன்னேன். நாலு வசனத்தில் முடிந்தது. இது என் சகோதரி. நான் கேட்ட விடுமுறை இவளுக்காக. இவளை இந்த நாட்டை விட்டு அனுப்புகிறார்கள். உங்களைத் தோட்டத்துத் துரை என்று நினைத்து, அனுப்ப வேண்டாம் என்று கேட்கிறாள்.

ஜெரால்ட் தொப்பியைக் கழற்றினார். வெயிலில் உச்சந்தலை சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு பைனாக்குலரை எடுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத ஒரு மரக்கூட்டத்தைப் பார்த்து வைத்து, "அதோ" என்றார். "நீலம். வால் நீளம். அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. எல்லோரும் என்னோடு வாருங்கள்."

சங்கம் முழுவதும் அவர் பின்னால் பள்ளத்தில் இறங்கியது. போகும்போது திரும்பி, எங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். தனியாகக் கண்ட பருந்தைக்கூடக் கணக்கில் வைத்துக்கொள்ளாத மனிதர்.

6

அக்காவின் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், சாமான்களையெல்லாம் கட்டி மூட்டையாக்கியிருந்தார்கள். அத்தான் பதுளைக்கு ஏதோ கையெழுத்துக்குப் போயிருந்தார். அக்கா ஒரு மூட்டையை அவிழ்த்துக் கோப்பை எடுத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். என்னை ஏன் ஐயா என்று கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"பின்ன? தொரைமாரோட வந்து நிக்கிற. லயத்துக்காரி வந்து தம்பின்னு கையப் புடிச்சா ஒன் உத்தியோகத்துக்குக் கொறச்சல்தானே?"

"எனக்கு அங்க என்ன உத்தியோகம்னு நெனச்ச? பைத்தியம் புடிச்சவங்களுக்கு மூத்திரச் சட்டி எடுக்கிறேன்க்கா."

"அத முன்னமே எழுதியிருந்தா ஐயான்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்ல" என்று சிரித்தாள். எங்கள் அப்பாவின் சிரிப்பு, மூக்கால் வரும்.

அப்படியானால் இவர்கள் யார் என்று கேட்டாள். குருவி பார்க்க வந்தவர்கள் என்றேன். பிடித்துச் சாப்பிடவா என்றாள். இல்லை, பார்க்க மட்டும்.

"பாத்துட்டு?"

"இன்ன குருவின்னு பேரச் சொல்லுவாங்க."

"பேரச் சொல்லிட்டு?"

"போயிருவாங்க."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, தன் பேரைச் சொல்ல யாராவது வந்திருக்கக் கூடாதா என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஏதாவது சிரிக்கச் சொல்ல வேண்டும் என்று கழிவுநீர்க் குளத்துக் கதையைத் தொடங்கினேன். டை கட்டிப் போனதைச் சொன்னபோது சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ தொரையக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு கொஞ்ச நேரம் நம்பிட்டேன்டா. கட்டின மூட்டையெல்லாம் மனசுக்குள்ள அவுத்துட்டேன். சட்டிய எங்க கவுத்து வைக்கிறதுன்னுகூட நெனச்சாச்சு."

நான் மன்னித்துக்கொள் என்றேன்.

"என்னத்துக்கு? நல்லாத்தான் இருந்துச்சு அந்தக் கொஞ்ச நேரம்."

மகளுக்கு என்ன வயது, என்ன படிக்கிறாள், தமிழ் பேசுவாளா என்று கேட்டாள். பேசுவாள் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் அதுதான் நிலைக்காமல் போனது. தன் காதிலிருந்த தோடுகளைக் கழற்றி அவளுக்கென்று தரப் பார்த்தாள். வாங்க மறுத்தேன். பலவந்தம் பண்ணவில்லை; திரும்பப் போட்டுக்கொண்டாள், திருகாணியை நான் போட்டுவிட்டேன்.

பள்ளத்திலிருந்து ஜெரால்ட் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. பார்த்தேன் என்று சிலர், வால் நுனி தெரிந்தது என்று ஒருவர். ஆசைப்படுகிறவர்கள் கண்தானே. ஜெரால்ட் யாரையும் திருத்தவில்லை. அக்காவின் முன்னால் வந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது சனங்கள் இன்னும் நின்றார்கள். கூடையைக்கூட இறக்கவில்லை. வெயிலில் கறுப்புக் கோட்டோடு நின்ற கங்காணி என் முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"தொரைமாரு எப்பங்கய்யா திரும்ப வருவாங்க?"

எந்த இடத்திலும் எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். என்னைப் புதைக்கும்போதுகூட உள்ளேயிருந்து ஒன்று சொல்வேன் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு வரவில்லை. அத்தனை முகமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கங்காணியிடம் சொன்னாள்.

"அவன் எந்தம்பி, மாமா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அதற்குப் பிறகுதான் பெரட்டு கலைந்தது.